கன்ஸ்மோக் தொடருக்கு நெல்லைப் பேச்சில் சப்டைட்டில் போடும் முறை

கன்ஸ்மோக் என்ற அமெரிக்க கௌபாய்த் தொடர் 1955 செப்டம்பர் 10 தொடங்கி 1975 மார்ச் 31 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடியது. மொத்தம் 635 அத்தியாயம். கதை நடப்பது கான்சாஸ் மாநிலத்து டாட்ஜ் சிட்டியில், 1870-களில். நாயகன் ஊரில் சட்டம் காக்கும் மார்ஷல் மேட் டில்லன். இதற்குத் தமிழில் சப்டைட்டில் எழுத உட்காருகிறவர்கள் முதல் அத்தியாயத்திலேயே ஒரு இடத்தில் முட்டி நிற்பார்கள். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. தமிழில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார் என்று முடிவு செய்யாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது. சட்டம், மிரட்டல், மரியாதை, நட்பு எல்லாமே அந்த வினைமுடிவில்தான் வந்து உட்காரும். இதில் நெல்லைப் பேச்சுக்கு ஒரு வசதி உண்டு. சென்னைப் பேச்சில் 'நீ', 'நீங்க' என்று இரண்டே படி. நம் பக்கம் நடுவில் 'நீரு' என்று மூன்றாவது படி இன்னும் உயிரோடு இருக்கிறது.

எந்தப் பருவத்தில் தொடங்குவது

முதல் ஆறு பருவம் (சீசன்), 1955 முதல் 1961 வரை, அரை மணி நேர அத்தியாயங்கள், மொத்தம் 233. அதன் பிறகு ஒரு மணி நேரம். 1966 வரை கறுப்பு வெள்ளை, பிறகு கலர். அரை மணி நேரத்தில்தான் தொடங்க வேண்டும். விளம்பரம் போக 26 நிமிடம் அளவில் இருக்கும். ஆறு விநாடிக்கு ஒரு வரி என்று வைத்தாலே 260 வரி. பழகாத கைக்கு ஒரு வார வேலை. கலர் பருவங்களில் கதை நீளும், பேச்சு வளவளக்கும், வெட்ட வேண்டியது கூடும்.

அரை மணிக் கதைகளில் இன்னொரு சௌகரியமும் இருக்கிறது. இந்தத் தொடர் 1952-இல் வானொலி நாடகமாகப் பிறந்தது. அங்கே டில்லனுக்குக் குரல் வில்லியம் கான்ராட். முக்கிய எழுத்தாளர் ஜான் மெஸ்டன். ஆரம்பத் தொலைக்காட்சி அத்தியாயங்கள் பல அந்த வானொலிப் பிரதிகளிலிருந்து வந்தவை. அதனால் வசனம் இறுக்கமாக இருக்கும், ஒரு வரியில் ஒரு விஷயம்தான் வரும். தமிழில் மாற்றக் கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

மறு ஒளிபரப்பில் இந்த அரை மணி அத்தியாயங்கள் 'மார்ஷல் டில்லன்' என்ற வேறு தலைப்பில் வந்தன. கையில் உள்ள பிரதியில் அந்தப் பெயர் இருந்தால் தொடர் மாறிவிட்டது என்று குழம்ப வேண்டாம்.

முறை அட்டவணை

வரி எழுதும் முன் அத்தியாயத்தை ஒரு தடவை நிறுத்தாமல் பாருங்கள். பிறகு ஒரு தாளில் இடமிருந்து வலமாக ஆட்களின் பெயர், மேலிருந்து கீழாக அதே பெயர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இவர் அவரை என்ன முறையில் பேசுகிறார் என்று எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் எழுதினால் பத்தாவது நிமிடத்தில் 'நீங்க' என்ற ஆள் பதினைந்தாவது நிமிடத்தில் 'நீரு' ஆகியிருப்பார். நம் ஊர்க்காரர்கள் கதையை விட்டுவிட்டு அதைத்தான் பேசுவார்கள்.

டில்லன் ஊருக்குப் புதிதாக வந்த துப்பாக்கிக்காரனிடம் பேசுவது 'நீரு'. "பொழுதடையுததுக்குள்ள ஊர விட்டுப் போயிரும்." இதில் மரியாதையும் இருக்கிறது, நெருக்கம் இல்லை என்பதும் இருக்கிறது, சொன்னதைச் செய்வேன் என்பதும் இருக்கிறது. 'போயிடுங்க' என்றால் கெஞ்சல். 'போயிருல' என்றால் சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. எதிராளி கையை இடுப்புக்குக் கொண்டுபோகும் நொடியில்தான் படி இறங்க வேண்டும்: "கைய எடுல." அந்த ஒரு 'ல' போதும். ஒரு அத்தியாயத்தில் டில்லன் வாயிலிருந்து 'ல' இரண்டு தடவைக்கு மேல் வந்தால் அந்த ஆள் மார்ஷல் இல்லை, சண்டியர்.

நீளத்திலும் இது லாபம். "உங்கள் துப்பாக்கியைக் கீழே வையுங்கள்" 18 எழுத்து. "துப்பாக்கிய வையும்" 9 எழுத்து. திரையில் பாதி இடம் மிச்சம்.

டில்லனின் உதவியாள் செஸ்டர் அவரைக் கூப்பிடுவது எப்போதும் 'மிஸ்டர் டில்லன்'தான். செஸ்டராக நடித்த டெனிஸ் வீவர் அதை இழுத்துச் சொல்லும் தொனியே பாதிப் பாத்திரம். 'மிஸ்டர்' என்று அப்படியே போட்டால் ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும். 'ஏட்டையா' என்று போட ஆசை வரும்; போட்டால் டாட்ஜ் சிட்டி அப்படியே நம் ஊர் ஸ்டேஷனாகிவிடும். 'அண்ணாச்சி' அன்புதான், ஆனால் உறவு கூடிப்போகும்; செஸ்டர் அந்த உரிமையை எடுத்துக்கொள்வதே இல்லை. 'டில்லனய்யா' சரியாக உட்காரும். 'அண்ணாச்சி'யைப் பலசரக்குக் கடைக்கார ஜோனாஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'ஜோனாஸ் அண்ணாச்சி' என்று ஒரு தடவை திரையில் வந்துவிட்டால் அவர் யார், என்ன விற்கிறார், கடன் கொடுப்பாரா மாட்டாரா என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

டாக்டர் ஆடம்ஸும் 1964 முதல் நிரந்தரமாக வரும் பெஸ்டஸும் ஓயாமல் மல்லுக்கட்டும் இடங்கள் நெல்லைப் பேச்சுக்கென்றே செய்தவை. இருவரும் 'நீரு', 'ஓய்', 'என்னவே'. பெஸ்டஸ் எழுதப் படிக்கத் தெரியாத மலைநாட்டு ஆள், பேச்சு கொச்சை. இங்கே ஒரு எச்சரிக்கை. கொச்சை என்றதும் ஏதாவது ஒரு சாதியின் பேச்சையோ ஒரு குறிப்பிட்ட ஊரின் இழுப்பையோ அவர் தலையில் கட்டாதீர்கள். எல்லா ஊரிலும் புழங்கும் நாட்டுப்புறச் சொல்லே போதும். அதேபோல் 1962 முதல் 1965 வரை வரும் கொல்லர் குவின்ட் ஆஸ்பர், பாதி கோமான்சி. அவரைச் சிலர் பிறப்பைச் சொல்லித் திட்டுவார்கள். அந்த இடத்துக்கு நம் ஊர்ச் சாதி வசவு எதையும் இறக்க வேண்டாம்; "கலப்புப் பொறப்பு" என்றாலே திட்டு புரியும்.

மதுக்கடை நடத்தும் கிட்டிக்கும் டில்லனுக்கும் இடையில் என்ன என்பதைத் தொடர் கடைசிவரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. தமிழ் சொல்லிவிடும், அதுதான் ஆபத்து. அவள் 'நீங்க' என்றால் பெண்டாட்டி, 'நீ' என்றால் காதலி. இதற்கு நம் வீடுகளில் தினமும் புழங்கும் உபாயமே வழி. "சாப்பிட்டாச்சா?", "கிளம்பியாச்சாக்கும்?", "எப்ப வந்தது?" ஆளைச் சொல்லாத வினை. முறை தெரியாத உறவுக்காரர் முன்னால் நாம் செய்வதும் இதுதான். கிட்டியின் வரிகளில் முடிந்த அளவு இப்படியே ஓட்டிவிடலாம். மற்றவர்கள் அவளைக் கூப்பிடுவது 'கிட்டியம்மா'.

பெயரும் கண்ணி வைத்த சொற்களும்

நாயகன் பெயரை 'மாட்' என்று எழுதினால் வேற்றுமை உருபு சேர்ந்ததும் 'மாட்டைச் சுட்டுட்டான்', 'மாட்டுக்குக் காயம்' என்று வரும். மாட்டு மந்தை நிறைந்த தொடரில் இது பெரிய கூத்து. 'மேட்' என்று எழுதினால் 'மேட்டுக்குப் போ'. விளிக்கும்போது மட்டும் 'மேட்'. உருபு சேரும் இடமெல்லாம் 'டில்லன்'. 'டில்லனுக்கு', 'டில்லனை' எங்கேயும் இடறாது.

'சலூன்' கூடவே கூடாது. நம் ஊரில் சலூன் என்றால் முடிவெட்டும் கடை. கிட்டி சலூன் நடத்துகிறாள், ஆட்கள் சலூனில் குடித்துவிட்டுச் சுட்டுக்கொள்கிறார்கள் என்றால் கூட்டம் சிரிக்கும். 'லாங் பிராஞ்ச் பார்', சுருக்கமாக 'பார்'.

துப்பாக்கியில் சுட இழுக்கும் பாகத்துக்குத் தமிழில் 'குதிரை' என்றே பெயர் உண்டு. இங்கே அதை எடுத்தால் "குதிரைய இழு" என்பதற்கு எந்தக் குதிரை என்று கேட்பார்கள். 'விசை' என்று போடுங்கள். குண்டைத் தட்டும் சுத்தியல் பாகத்துக்கு 'சுத்தி'. டில்லன் வைத்திருக்கும் ரகம் 1873-இல் வந்த கோல்ட் ரிவால்வர். ஆறு குண்டு, ஒவ்வொரு சுடுதலுக்கும் சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். அதனால் 'சரமாரியாச் சுட்டான்' என்ற தேய்ந்த தொடர் பொருந்தாது. துப்பாக்கியை உறையிலிருந்து எடு என்று சவால் விடுவதற்கு "எடுல பாப்பம்" போதும். ஆவேசம் வேண்டுமென்று அருவாளை உள்ளே கொண்டுவர வேண்டாம்.

'இந்தியன்' என்று எழுதினால் நாம்தான். இனப்பெயர் இருந்தால் அதையே எழுதுங்கள்: கோமான்சி, கியோவா, பாவ்னி. இல்லாவிட்டால் 'செவ்விந்தியர்'. 'எருமை' என்றால் குளத்தில் கிடக்கும் எருமைதான் நம் கண்ணில் வரும். 'காட்டெருமை' என்று எழுதுங்கள். குதிரைகளை விட்டுவைக்கும் இடம் 'லாயம்'. மாட்டின் மேல் அடையாளம் சுடுவது 'சூடு போடுதல்', அடையாளம் 'சூட்டுக்குறி'. இவை நம்மிடமே இருக்கும் சொற்கள். மாடு திருடுகிறவன் 'மாட்டுக் களவாணி'. டெக்சாஸிலிருந்து மந்தை ஓட்டி வரும் தலைவனை 'கீதாரி' ஆக்கலாமா என்று தோன்றும். கீதாரி ஆடு மேய்ப்பவர், கிடை போடுபவர், கால்நடையாகப் போகிறவர். இந்த ஆள் குதிரை மேல், ஆயிரக்கணக்கில் மாட்டோடு, ரயிலுக்கு ஏற்ற வருகிறவன். 'மந்தைத் தலைவன்' என்றே இருக்கட்டும்.

1862-இன் சட்டப்படி 160 ஏக்கர் நிலம் எடுத்து, ஐந்து வருஷம் குடியிருந்து உழுது சொந்தமாக்கிக்கொள்ளும் குடும்பங்கள் அடிக்கடி வரும். 'குடியேறி' என்று எழுதலாம். மாட்டுக்காரர்கள் இவர்களை இளக்காரமாகச் சொல்லும் சொல்லுக்கு "கட்டி தட்டுதவன்". கரிசலில் கோடை உழவு பார்த்த ஆளுக்கு அது எங்கே குத்தும் என்று தெரியும்.

டாட்ஜின் இடுகாட்டுக்கு 'பூட்ஸ் மேடு'. படுக்கையில் சாகாமல், காலில் பூட்ஸோடு செத்தவர்களைப் புதைத்த இடம். ஆரம்ப அத்தியாயங்களில் டில்லன் அங்கே நின்று தனக்குத்தானே பேசுவது தொடக்கமாக வரும். அந்தப் பேச்சை மட்டும் எழுத்துத் தமிழில் போடுங்கள். எதிரில் ஆள் இல்லை, முறை இல்லை, வழக்கும் தேவையில்லை. பிறகு ஊருக்குள் இறங்கியதும் பேச்சுத் தமிழுக்கு மாறுவது காதுக்கே தெரியும்.

பதவிகள்

மார்ஷல், ஷெரீப் இரண்டையும் 'போலீஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் பாதிக் கதை விளங்காது. ஷெரீப்பை அந்தக் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நகர மார்ஷலை அந்த ஊர் நிர்வாகம் வைத்துக்கொள்கிறது. அமெரிக்க மார்ஷல் மத்திய அரசின் ஆள். ஜனாதிபதி நியமித்து செனட் ஒப்புதல் தர வேண்டும். உண்மையான டாட்ஜில் 1877-இல் பேட் மாஸ்டர்சன் போர்டு கவுன்டிக்கு ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் அண்ணன் எட் நகர மார்ஷலாக இருந்து 1878 ஏப்ரலில் சுடப்பட்டுச் செத்தார். ஒரே ஊர், ஒரே குடும்பம், இரண்டு வேறு அதிகாரம். தொடரின் டில்லன் அமெரிக்க மார்ஷல் பதவியை வைத்துக்கொண்டு நகர மார்ஷலின் வேலையைப் பார்க்கிறார். அது கதைக்காகச் செய்த ஏற்பாடு. நாம் அதைத் திருத்தப் போக வேண்டாம். 'மார்ஷல்', 'ஷெரீப்' என்று அப்படியே விட்டு, முதல் அத்தியாயத்துக்கு முன்னால் இரண்டு வரி விளக்க அட்டை போட்டால் போதும்.

மற்றவை நம் கோர்ட்டுப் பேச்சிலேயே கிடைக்கும்: பிடிவாரண்டு, ஜாமீன், சாட்சி. டில்லன் ஆபீசுக்குப் பின்னால் இருப்பது சிறை இல்லை, 'லாக்கப்'. ஆட்களைத் திரட்டிக்கொண்டு துரத்துவதற்கு "ஆள் கூட்டிட்டுப் போறாவ".

பரிசுப் பணம் வரும் இடத்தில் ஒரு நல்ல பழைய சொல் கையை நீட்டும்: துப்புக்கூலி. திருநெல்வேலிச் சீமையில் பாளையக்காரர் காலத்துக் காவல் முறையோடு சேர்ந்து வந்த சொல் அது. ஆனால் அது களவு போன மாட்டை மீட்க மாட்டுக்குச் சொந்தக்காரன் கொடுத்த காசு. வாங்குகிறவன் திருடனுக்கே வேண்டிய ஆளாகவும் இருப்பான். கன்ஸ்மோக்கில் அரசோ கம்பெனியோ ஒரு ஆளின் தலைக்கு அறிவிக்கும் பணத்துக்கு இதைப் போட்டால் அர்த்தம் தலைகீழ். அங்கே "பிடிச்சுக் குடுத்தா ஐநூறு டாலர்" என்று நேராக எழுதுங்கள். களவு போன மாட்டை 'கண்டுபிடித்துத் தருகிறேன்' என்று ஒருவன் பேரம் பேசும் கதை வந்தால், அன்றைக்கு எடுத்துப் போடலாம் துப்புக்கூலியை.

வரியை உடைப்பது

தமிழில் வினை கடைசியில். இரண்டு திரைக்கு ஒரு வாக்கியத்தை நீட்டினால் முதல் திரையில் வினையே இருக்காது; படிப்பவர் தொங்கிக்கொண்டிருப்பார். "நேத்து ராத்திரி லாயத்துக்குப் பக்கத்துல / நின்ன ஆள நான் பாத்தேன்" என்று உடைக்காதீர்கள். "நேத்து ராத்திரி பாத்தேன். / லாயத்துப் பக்கம் நின்னான்." ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்று ஒரு வினை.

அடுத்த தொல்லை, முடிவு முந்திக்கொள்வது. 'அவன் செத்துட்டான்' என்ற வரி நடிகர் வாய் திறக்கும் முன் திரையில் வந்தால் காட்சி போச்சு. இடைவெளி விட்டுப் பேசும் இடத்தில் இடைவெளி விட்டே வரியைப் போடுங்கள். டில்லன் பதில் சொல்லாமல் பார்க்கிற நேரத்தில் திரை காலியாகவே இருக்கட்டும்.

அளவுகள்: இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், வரிக்கு 24 எழுத்து. விநாடிக்கு 10 எழுத்துக்கு மேல் போனால் வயதானவர்கள் பின்தங்குவார்கள். குறைந்தது ஒரு விநாடி, கூடியது ஆறு விநாடி. ஒரு வரித்தொகுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு ஃபிரேம் இடைவெளி, அதாவது ஏறத்தாழ 0.08 விநாடி, இது இல்லாவிட்டால் வரி மாறியதே கண்ணுக்குத் தெரியாது. எழுத்தைக் கண்ணால் எண்ணுங்கள். 'துப்பாக்கிய' நமக்கு ஆறு எழுத்து. கணினியின் யூனிகோடு கணக்கில் புள்ளியும் காலும் தனித்தனியாகச் சேர்ந்து 11. ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையை வைத்துக்கொண்டு மென்பொருள் சிவப்புக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

வழக்கை எழுதும் எழுத்துக்கூட்டலில் ஒரே முறை வேண்டும். 'சொல்லுதான்' என்று தொடங்கினால் கடைசிவரை 'சொல்லுதான்'. நடுவில் 'சொல்றான்' வரக்கூடாது. வினைமுடிவும் விளியும் மட்டும் நெல்லைப் பேச்சு, பெயர்ச்சொல் எல்லோருக்கும் தெரிந்த வடிவம். எல்லாவற்றையும் கொச்சையாக்கினால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரம் போய்விடும்.

கோப்பு

சப்டைட்டிலைச் சேமிக்கும் எஸ்ஆர்டி கோப்பில் வரிசை எண், நேரம், உரை, ஒரு வெற்று வரி, இவ்வளவுதான்:

41
00:03:12,500 --> 00:03:15,200
துப்பாக்கிய வையும்.
அப்புறம் பேசுவம்.

விநாடிக்கும் அதன் பின்னத்துக்கும் நடுவில் காற்புள்ளி. புள்ளி வைத்தால் சில கருவிகள் அந்த வரியை விழுங்கிவிடும். சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் (என்கோடிங்) யுடிஎஃப்-8. ஆன்சி என்று சேமித்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். டிடிபி கடையில் அடித்து வாங்கினால் யூனிகோடா என்று கேட்டு வாங்குங்கள். பாமினி எழுத்துருவில் அடித்தது திரையில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் வரும்.

வரி தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால், படம் விநாடிக்கு 24 ஃபிரேமா 25 ஃபிரேமா என்று பாருங்கள். 25-க்கு வேகப்படுத்திய பிரதியில் 26 நிமிடப் படம் ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கிவிடும். சப்டைட்டில் எடிட் போன்ற மென்பொருளில் ஃபிரேம் வேகத்தை மாற்றினால் மொத்தமும் சரியாகும். ஒவ்வொரு வரியாக நகர்த்த வேண்டாம். படிப்படியாக விலகாமல் ஒரே இடத்தில் தாவினால், அங்கே காட்சி வெட்டப்பட்ட பிரதி அது. அந்த இடத்துக்குப் பிந்தியதை மட்டும் மொத்தமாக நகர்த்துங்கள்.

பென்டிரைவில் போட்டு டிவியில் ஓட்டினால் சில டிவிகளில் 'கொ', 'கெ' எல்லாம் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி, நடுவில் புள்ளி வட்டத்தோடு வரும். கோப்பில் தவறில்லை, டிவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியவில்லை. மடிக்கணினியில் விஎல்சி வழியாக ஓட்டுங்கள், அல்லது ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எழுத்தைப் படத்தோடு சேர்த்துப் பதித்துவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒலியை அடைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஓட்டுங்கள். அறுபது தாண்டியவர் கிடைத்தால் நல்லது. யார் யாருக்கு மேலே, யார் யாருக்குப் பழக்கம் என்று அவர் கேட்கிற இடம் ஒவ்வொன்றையும் முறை அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள்.

திரையிடும்போது

வீட்டுக்கென்று வாங்கிய வட்டு, ஊர் கூட்டிப் போட்டுக்காட்ட உரிமை தராது. பொதுவில் காட்டுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாக வேண்டும்.

படம் 4:3 வடிவம். அகலத் திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழத்தான் செய்யும். அதை நிரப்ப இழுத்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடும். டில்லனாக நடித்த ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னஸ் குட்டையாக, பருத்து நிற்பார். கறுப்பு வெள்ளையில் பகல் தெருக்காட்சி வெளுத்திருக்கும், வெள்ளை எழுத்து அதில் கரையும். மஞ்சள் எழுத்து, சுற்றிக் கறுப்புக் கோடு. எழுத்தின் உயரம் பட உயரத்தில் 6 சதவீதம். நாலடி உயரத் திரையில் மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. தமிழில் மேலே சுழியும் கீழே கொக்கியும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு நமக்குப் போதாது.

வெளியில் திரை கட்டுவதென்றால் ஆனி ஆடியில் வேண்டாம். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் அடிக்கிற காற்றில் திரை பாய்மரமாகும். செங்கோட்டை, தென்காசியில் காற்றோடு சாரலும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி கார்த்திகை மழை. தை தொடங்கிப் பங்குனி வரை நல்ல காலம். திரையை நாலு மூலையில் மட்டும் கட்டாமல் இரண்டடிக்கு ஒரு கயிறாக ஓரம் முழுக்கக் கட்டுங்கள். அடியில் மூங்கில் கோத்துவிட்டால் கடைசி வரி ஆடாது, எழுத்து வந்து விழுகிற இடம் அதுதான்.